அக்கா அமெரிக்காவில், தம்பி சென்னையில்: எந்த வரிசையில் நிற்பது?

அக்காவுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த செய்தி வந்த அன்றைக்கே வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும்: "தம்பிக்கும் ஒரு பெட்டிஷன் போட்டுடலாம்ல?" போடலாம். ஆனால் எத்தனை வருடம் ஆகும், வரும்போது தம்பிக்கு என்ன வயது, பிள்ளைகள் கூட வர முடியுமா, அதுவரை அம்பத்தூரில் ஃப்ளாட் வாங்குவதா வேண்டாமா என்று கேட்டால் நேரான பதில் கிடைப்பதில்லை. "பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் சார்" என்று சொல்பவர்கள் இருபது வருடத்துக்கு முந்தைய கணக்கை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உடன்பிறந்தவர் வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்துக்கு முன்னால் நடைமுறையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

## முதலில் எதை வைத்து அளப்பது

யாருக்காகப் போகிறீர்கள்? உங்கள் வேலைக்காகவா, பிள்ளைகளின் படிப்புக்காகவா, அக்கா பக்கத்தில் இருப்பதற்காகவா? இந்தப் பதில் மாறினால் மற்ற எல்லாமே மாறும்.

இறங்கும்போது உங்கள் வயது. 38 வயதில் காத்திருக்கத் தொடங்கி 60-இல் போய் இறங்குவதும், 40-இல் போய் இறங்குவதும் வேறு வேறு வாழ்க்கை.

பிள்ளைகளின் வயது. 21 என்ற எண் குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிடும்.

எது நடந்தால் மனு செத்துப்போகும்? மனு போட்டவர் இறப்பது, திருமணம், பதில் போடாத ஒரு மின்னஞ்சல் என்று வழிக்கு வழி காரணம் வேறு.

மற்ற கதவுகளை அடைக்கிறதா? சுற்றுலா விசா, படிப்பு விசா இவற்றுக்கு இடைஞ்சல் வருமா?

பணத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதலீட்டு வழியைத் தவிர மற்ற எதிலும் பணம் பெரிய தடை இல்லை. காலம்தான் தடை.

## வழி 1: உடன்பிறந்தோர் மனு (எஃப்4)

21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கு மனு போட முடியும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் போட முடியாது. படிவம் ஐ-130. உடன்பிறந்தவர் பெயரில் ஒரே மனு போதும். மனைவி அல்லது கணவரும், திருமணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அதோடு சேர்ந்தே வருவார்கள். மனு போட்ட பிறகு திருமணம் நடந்தாலும் பரவாயில்லை, துணையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மனு அமெரிக்கக் குடியேற்றத் துறையின் கைக்குப் போன நாள்தான் உங்கள் பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் உங்கள் இடம். வரிசை எதுவரை வந்திருக்கிறது என்பதை மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டின் சொல்லும். உலகம் முழுக்க இந்தப் பிரிவுக்கு வருடத்துக்கு 65,000 விசா. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அந்த எண்ணிக்கையில் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கு ஒன்றாகக் கணக்கில் வருவார்கள். நான்கு பேர் குடும்பம் போனால் நான்கு விசா தீர்ந்தது.

2025 அக்டோபர் புல்லட்டினில் இந்தியாவின் எஃப்4 வரிசை 2006 நவம்பரில் நின்றது. அதாவது அன்று விசா கைக்கு வந்தவர் 19 வருடம் காத்திருந்தவர். பலர் இங்கேதான் கணக்கில் தவறுகிறார்கள்: "அப்போ எனக்கும் 19 வருஷம்." அப்படியில்லை. 2023 அக்டோபரில் இதே வரிசை 2005 அக்டோபர் வாக்கில் இருந்தது. இரண்டு வருடத்தில் வரிசை நகர்ந்தது சுமார் ஒரு வருடம். இன்று மனு போடுபவர் 22 வருடம் என்று வைத்துத் திட்டமிடுவது நல்லது, கூடினாலும் கூடும்.

உங்கள் மனைவி அல்லது கணவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர் என்றால் அந்த நாட்டுக் கணக்கில் நிற்கலாம். பிறந்த இடம்தான் கணக்கு, பாஸ்போர்ட் இல்லை. ஆனால் பலன் சிறியதுதான்: அந்த நாடுகளுக்கான வரிசை 2025 அக்டோபர் புல்லட்டினில் 2008 ஜனவரியில் இருந்தது.

### பிள்ளைகளின் வயதுக் கணக்கு

2002-இல் வந்த சட்டப்படி, வரிசை வந்து விசா கிடைக்கும் நிலையில் பிள்ளையின் வயதிலிருந்து, ஐ-130 மனு முடிவாகாமல் கிடந்த காலத்தைக் கழிப்பார்கள். வருவது 21-க்குக் கீழே இருந்தால் பிள்ளையும் வரலாம்.

மனு போடும் நாளில் மகளுக்கு இரண்டரை வயது என்று வையுங்கள். வரிசை வர 22 வருடம். அன்று அவளுக்கு இருபத்துநாலரை. மனு 5 வருடம் கிடப்பில் இருந்து பிறகு அங்கீகாரம் ஆனது என்றால் 24½ – 5 = 19½. வருவாள். அதே மனு 2 வருடத்தில் அங்கீகாரம் ஆகியிருந்தால் 22½. வர முடியாது.

அதனால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு, வயதுக் கணக்கைப் பொறுத்தவரை, மனு சீக்கிரம் அங்கீகாரம் ஆவதில் எந்த லாபமும் இல்லை, நஷ்டம் மட்டுமே. "மனுவை வேகப்படுத்தித் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். வரிசையில் உங்கள் இடம் மனு போய்ச் சேர்ந்த நாளால் தீர்மானமாகிவிட்டது. அங்கீகார நாளால் அது மாறாது.

மனு போடும்போது பிள்ளைக்கு 5 வயது தாண்டியிருந்தால், அந்தப் பிள்ளை இந்த மனுவில் வர மாட்டான் என்று எடுத்துக்கொண்டு அவன் படிப்பைத் திட்டமிடுங்கள். வயது தாண்டிய பிள்ளைக்குப் பழைய தேதி கிடைக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்த்துவிட்டது. அப்பா அங்கே போன பிறகு புதிதாக மனு போட்டு மீண்டும் ஒன்பது, பத்து வருடம் காத்திருக்க வேண்டும். தகுதி பெறும் பிள்ளையும் வரிசை வந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும், திருமணமாகாமல் இருக்க வேண்டும்.

### கண்ணில் படாத செலவுகள்

இன்றைய கட்டணத்தில் நான்கு பேர் குடும்பத்துக்கு: ஆன்லைனில் ஐ-130 போட 625 டாலர், ஆதரவு உறுதிமொழிக்கு 120, விசா விண்ணப்பம் தலைக்கு 325, நுழைவுக் கட்டணம் தலைக்கு 235. மொத்தம் 2,985 டாலர். இதில் முதல் 625 மட்டுமே இப்போது. மீதி இருபது வருடம் கழித்து, அன்றைய கட்டணத்தில். மெடிக்கல், போலீஸ் சான்று, மும்பை பயணம் தனி. குடியேற்ற விசா நேர்முகம் பெரும்பாலும் மும்பையில்தான். சென்னைத் துணைத் தூதரகம் அண்ணா சாலையிலேயே இருந்தாலும் குடும்பத்தோடு மும்பைக்குப் போக வேண்டும்.

அக்காவின் ஓய்வுக்காலம்தான் பெரிய செலவு. வரும் குடும்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, அமெரிக்க வறுமைக்கோட்டின் 125 சதவீத வருமானத்தை மனு போட்டவர் காட்ட வேண்டும். அக்கா வீட்டில் இருவர், வருவது நால்வர் என்றால் ஆறு பேர். 2025 அளவுப்படி ஏறத்தாழ 54,000 டாலர். 45 வயதில் மனு போட்ட அக்காவுக்கு அப்போது 67. சம்பளம் இருக்காது. அவர் பிள்ளையோ வேறு யாரோ கூட்டு உத்தரவாதம் தர வேண்டும், அல்லது குறையும் தொகையைப் போல் ஐந்து மடங்கு சொத்து காட்ட வேண்டும். இதை இன்றே அக்காவிடமும் மாமாவிடமும் பேசிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் முதுமை. அங்கே மூப்பு ஓய்வூதியத்துக்கும் கட்டணமில்லாத மருத்துவமனைக் காப்பீட்டுக்கும் பொதுவாக 10 வருட வேலைக் கணக்கு வேண்டும். 60 வயதில் இறங்குபவர் 70 வரை உழைத்தால்தான் அது நிரம்பும். இங்கே பிஎஃப், சொந்த வீடு, பழகிய டாக்டர் எல்லாம் இருக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி வந்து நிற்கும்.

### மனுவைக் கொல்வது எது

மனு போட்டவர் இறந்தால் மனு ரத்தாகும். அங்கீகாரம் ஆன பிறகு இறந்திருந்தால், வேறு உறவினர் உத்தரவாதம் தர முன்வந்து, மனிதாபிமான அடிப்படையில் மீட்டுத் தரும்படி கேட்கலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அங்கீகாரத்துக்கு முன்பே இறந்துவிட்டால், சென்னையில் இருக்கும் தம்பிக்கு அதோடு முடிந்தது. கிடப்பில் கிடப்பது குழந்தைக்கு நல்லது, வயதான அண்ணன் போட்ட மனுவுக்கு ஆபத்து. இரண்டும் ஒரே மனுவில் இருக்கும்.

அங்கே இரண்டு உடன்பிறந்தவர்கள் குடிமக்களாக இருந்தால் இருவருமே போடட்டும். தாராளமாக அனுமதி உண்டு. இன்னொரு 625 டாலர்தான். ஒருவருக்கு ஏதாவது ஆனாலும் மற்றவர் மனு நிற்கும்.

### மற்ற விசாக்களுக்கு இடைஞ்சலா?

சுற்றுலா விசா படிவத்தில் "உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா" என்ற கேள்வி உண்டு. ஆம் என்றுதான் பதில். மறைத்தால் வாழ்நாள் தடை வரை போகலாம். மனு இருக்கிறது என்பதாலேயே மறுப்பதில்லை; ஆனால் நிலையான வேலையோ சொந்தத் தொழிலோ இல்லாத, திருமணமாகாத 25 வயதுத் தம்பிக்கு இது பாரம்தான். அவனுக்கு அமெரிக்கப் படிப்புத் திட்டம் உடனே இருந்தால், முதலில் படிப்பு விசா, பிறகு மனு என்ற வரிசை பாதுகாப்பானது. எச்1பி, எல்1 என்ற வேலை விசாக்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

## வழி 2: அப்பா அம்மா வழியாக

அக்கா முதலில் பெற்றோருக்குப் போடுகிறார். அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஒன்றிரண்டு வருடத்தில் முடியும். அப்பாவோ அம்மாவோ கிரீன் கார்டு பெற்றதும், திருமணமாகாத மகனுக்கோ மகளுக்கோ மனு போடலாம். 21 வயது தாண்டியவருக்கான அந்த வரிசை 2025 இறுதியில் 2016-இன் பிற்பகுதியில் நின்றது. காத்திருப்பு ஒன்பது வருடம். எஃப்4-இல் பாதிக்கும் குறைவு.

நிபந்தனை ஒன்றே ஒன்று, அதுவும் நம் வீடுகளில் மிகக் கடினமானது: கல்யாணம் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர் போட்ட மனு, பிள்ளைக்குத் திருமணம் ஆன அன்றே செத்துப்போகும். அப்பா குடிமகன் ஆன பிறகு திருமணம் நடந்தால் மனு சாகாது. திருமணமான பிள்ளைகளின் வரிசைக்கு அதே தேதியோடு நகரும். அந்த வரிசை 2011-இன் பிற்பகுதியில் இருந்தது, அதாவது 14 வருடம். ஆக எது முதலில் என்பதே முக்கியம்: அப்பாவின் குடியுரிமைப் பிரமாணமா, மகனின் முகூர்த்தமா.

குடியுரிமைக்கு அப்பா ஐந்து வருடம் கிரீன் கார்டில் இருக்க வேண்டும், அதில் 30 மாதமாவது உடலளவில் அங்கே இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் சென்னையில் தங்கினால் கணக்கு கேள்விக்குள்ளாகும். ஆங்கிலத் தேர்வும் உண்டு. 50 வயதுக்கு மேல் 20 வருடம், அல்லது 55-க்கு மேல் 15 வருடம் கிரீன் கார்டு வைத்திருந்தால்தான் ஆங்கிலம் விலக்கு. 68 வயதில் போன, தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவுக்கு ஐந்தாவது வருடம் அந்த விலக்கு கிடைக்காது.

வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது இது. மயிலாப்பூரில் கோயில், காய்கறிக்காரர், அக்கம்பக்கம் என்று வாழ்ந்தவர்களை, மகனின் விசாவுக்காக மட்டும் அமெரிக்கப் புறநகர் வீட்டில் உட்காரவைப்பது நியாயமில்லை. அவர்களுக்கே மகள் வீட்டில் இருக்க விருப்பம் என்றால் இது மிக நல்ல வழி. இல்லையென்றால் இதைத் தொடாதீர்கள். அதேபோல், இதற்காக 29 வயது மகளின் திருமணத்தைத் தள்ளிப்போடுவதும் வேண்டாம்.

இருவழியும் சேர்ந்து ஓடலாம்: அக்காவின் மனு தனி, அப்பாவின் மனு தனி. ஒருவர் மனுவின் தேதியை இன்னொருவர் மனுவுக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

## வழி 3: கனடா

"கனடாவில் அண்ணன் இருந்தால் ஸ்பான்சர் பண்ணலாம்" என்பது சென்னையில் அதிகம் விற்கப்படும் தவறான செய்தி. கனடாவில் உடன்பிறந்தவரை ஸ்பான்சர் செய்ய, அவர் பெற்றோரை இழந்த, 18 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளையாக இருக்க வேண்டும். அல்லது ஸ்பான்சர் செய்பவருக்கு வேறு நெருங்கிய உறவே இல்லாத அரிய நிலை வேண்டும். மற்றவர்களுக்கு அண்ணனால் கிடைப்பது, மதிப்பெண் வைத்து ஆளெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் 15 மதிப்பெண். உங்கள் மனைவியின் அண்ணன் அங்கே இருந்தாலும் அதே 15.

இந்த வழியின் பலம் வேகம்: அழைப்பு வந்து விண்ணப்பித்தால் ஆறு மாதம் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. பலவீனம் வயது. துணையோடு விண்ணப்பிப்பவருக்கு 29 வயது வரை 100 மதிப்பெண், 35-இல் 70, 40-இல் 45, 45-இல் பூஜ்யம். 2024-இல் நடந்த பொதுவான அழைப்புச் சுற்றுகளில் 500-க்கு மேல் கேட்டார்கள். வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான மதிப்பெண்ணை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான அழைப்பு குறைந்த மதிப்பெண்ணிலேயே வருகிறது. 27 வயதில் இருப்பவர் ஒன்றரை வருடம் உட்கார்ந்து பிரெஞ்சு படிப்பது, அண்ணனின் 15 மதிப்பெண்ணைவிடப் பல மடங்கு பலன் தரும்.

நான்கு பேர் குடும்பத்துக்குக் கையிருப்பு, 2025 அளவுப்படி, 28,362 கனடா டாலர் காட்ட வேண்டும், ஆறு மாத சராசரி இருப்போடு. கடன் வாங்கிக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். அண்ணன் கொடுத்தால் கொடைப் பத்திரம் வேண்டும்.

## வழி 4: ஆஸ்திரேலியா

491 என்ற திறனாளர் விசாவில் உடன்பிறந்தவர் ஸ்பான்சர் செய்தால் 15 மதிப்பெண். மொத்தம் குறைந்தது 65 வேண்டும், அழைப்பின்போது 45 வயதுக்குள் இருக்க வேண்டும். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதியில் ஸ்பான்சர் குடியிருக்க வேண்டும். அடிலெய்டு, பெர்த் அண்ணன் சரி. மெல்போர்ன் அண்ணன் உதவ மாட்டார். ஐந்து வருடத் தற்காலிக விசா, மூன்று வருடத்துக்குப் பின் நிரந்தரத்துக்கு விண்ணப்பம். குடும்ப ஸ்பான்சருக்கான அழைப்புகள் மிகக் குறைவு. 65 மட்டும் வைத்துக்கொண்டு காத்திருப்பது வீண். மாநில நியமனத்தையும் சேர்த்தே முயல வேண்டும்.

## வழி 5: பணம் இருந்தால்

அமெரிக்க இபி-5 முதலீடு: கிராமப்புற அல்லது வேலையின்மை அதிகமுள்ள பகுதியில் 8 லட்சம் டாலர், ஏறத்தாழ 7 கோடி ரூபாய். முதலீடு திரும்பி வரும் என்ற உத்தரவாதம் கிடையாது; உத்தரவாதம் தந்தால் அது சட்டப்படி செல்லாது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் என்பதால், கணவன் மனைவி இருவரும் மார்ச்சிலும் ஏப்ரலிலும் அனுப்பினால்தான் தொகை நிறையும். அங்கிருக்கும் அக்கா கொடையாகத் தரலாம். பணம் வந்த வழியை அவரும் நிரூபிக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்: 38 வயது, மனைவி, 3 மற்றும் 9 வயதுப் பிள்ளைகள்

| வழி | காத்திருப்பு | இறங்கும் வயது | பிள்ளைகள் | எங்கே உடையும் |
|---|---|---|---|---|
| உடன்பிறந்தோர் மனு | 22 வருடம் வாக்கில் | 60 | 3 வயது: இருக்கலாம், 9 வயது: இல்லை | அக்காவின் ஆயுள், வருமானம் |
| பெற்றோர் வழி | 1–2 + 5 + 14 வருடம் | 58-க்கு மேல் | பெரும்பாலும் இல்லை | பெற்றோரின் ஆயுள், தேர்வு |
| கனடா | 1–2 வருடம், மதிப்பெண் இருந்தால் | 40 | இருவரும் | வயது மதிப்பெண் |
| ஆஸ்திரேலியா 491 | அழைப்பைப் பொறுத்தது | 40–43 | இருவரும் | அழைப்புப் பற்றாக்குறை |
| இபி-5 | சில வருடங்கள் | 40-களில் | இருவரும் | முதலீட்டு இழப்பு |

இந்தக் குடும்பத்துக்கு எங்கள் யோசனை: எஃப்4 மனுவை இந்த மாதமே போடட்டும், மூன்று வயதுக் குழந்தைக்காக. பெற்றோர் வழி வேண்டாம். மகன் ஏற்கனவே திருமணமானவர், லாபம் எதுவும் இல்லை. பிள்ளைகள் படிப்புதான் நோக்கம் என்றால் கனடாவுக்கு 40 வயதுக்குள் முயன்று பார்க்கட்டும். ஃப்ளாட் வாங்க நினைத்தால் வாங்கட்டும்.

22 வயது, திருமணமாகாத தங்கை, அமெரிக்காவில் இருக்க விரும்பும் பெற்றோர் என்றால் இரண்டாம் வழி முதலிடம். 50 வயது தாண்டிய அண்ணனுக்கு அக்கா மனு போடுவது பெரும்பாலும் ஆறுதலுக்குத்தான். அவருக்குத் தேவை பத்து வருடச் சுற்றுலா விசா.

## மனு போடும் முன் வீட்டில் தேட வேண்டியது

இருவருக்கும் பொதுவான ஒரு பெற்றோராவது உண்டு என்று காட்ட வேண்டும்: அக்காவின் பிறப்புச் சான்று, தம்பியின் பிறப்புச் சான்று, இரண்டிலும் ஒரே அம்மா. கேட்க எளிது. எடுத்துப் பார்த்தால் பழைய மாநகராட்சிச் சான்றில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், "பெண்" என்று மட்டும் இருக்கும். அம்மா பெயர் ஒன்றில் "விஜயா", மற்றதில் "விஜயலட்சுமி". அப்பா சண்முகத்தின் ஆங்கில எழுத்து ஒன்றில் எஸ்-இல் தொடங்கும், இன்னொன்றில் எஸ்ஹெச்-இல். அக்காவின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ மாமா பெயரோ குடும்பப் பெயராகியிருக்கும். தம்பிக்கு இனிஷியல் மட்டும்.

பெயர் இல்லாத சான்றில் பெயர் சேர்க்க மாநகராட்சியில் விண்ணப்பியுங்கள். பதிவே இல்லையென்றால் "பதிவு இல்லை" என்ற சான்றை வாங்கி, அதோடு பள்ளி மாற்றுச் சான்று, எஸ்எஸ்எல்சி புத்தகம், பழைய ரேஷன் கார்டு, பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரம் சேருங்கள். பெயர் வேறுபாட்டுக்கு இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் வையுங்கள். இதையெல்லாம் அம்மா இருக்கும்போதே செய்யுங்கள். அம்மா கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் பலமும், தேவைப்பட்டால் மரபணுச் சோதனைக்கு அவர் தரும் மாதிரியும் இருபது வருடம் கழித்துக் கிடைக்காது. உங்கள் திருமணம் பதிவாகவில்லை என்றால் அதையும் இப்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள்.

மனு போய்ச் சேர்ந்ததும் வரும் ரசீதில் பிரையாரிட்டி டேட் இருக்கும். அதன் நகல் அக்காவிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று, அடுத்த தலைமுறையில் ஒருவரிடம் ஒன்று. அங்கீகாரத்துக்குப் பின் கோப்பு அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குப் போகும். மும்பை வழக்குகளுக்கு எண் "பிஎம்பி" என்று தொடங்கும். வரிசை வந்தபின் அந்த மையம் அனுப்பும் அறிவிப்புக்கு ஒரு வருடத்துக்குள் பதில் இல்லையென்றால், இத்தனை வருடக் காத்திருப்பும் ரத்தாகும் நடவடிக்கை தொடங்கும். அந்த அறிவிப்பு போகும் முகவரி, இன்று அக்கா படிவத்தில் எழுதும் மின்னஞ்சல். அலுவலக மின்னஞ்சலையோ ஏஜென்டின் மின்னஞ்சலையோ எழுதாதீர்கள். சொந்த முகவரி எழுதுங்கள், வீடு மாறும் ஒவ்வொரு முறையும் தெரிவியுங்கள், கடவுச்சொல்லை ரசீதோடு சேர்த்து எழுதி வையுங்கள்.